அம்மாவுக்குச் சப்பாத்து: இஞ்ச வாங்கிறதோ, பரிஸில வாங்கிறதோ?

கேள்வி: உருத்திரபுரம் வாசகி, 02.05.2025

ஜூலை தொடக்கத்தில அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்கு, பரிஸில இருக்கிற அண்ணா வீட்டை போறம். அங்கயிருந்து லூர்து, பிறகு பஸ்ஸில றோம். பரிஸ் பிள்ளையாரின்ர ஆவணித் தேர் பார்த்திட்டுத்தான் திரும்புறம். அம்மாவுக்கு 64 வயது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு சப்பாத்துப் போட்டதே இல்லை, செருப்புத்தான். சீனி வருத்தம் இருக்கு, குளிசை போடுறா. அண்ணா சொல்லுறார், "சும்மா வெளிக்கிட்டு வாங்கோ, சப்பாத்து இஞ்ச மலிவு." மாமி சொல்லுறா பாட்டாச் செருப்பே காணும் எண்டு. எனக்கு அண்ணா சொல்லுறதுதான் சரி போலக் கிடக்கு. ஆருக்கும் அனுபவம் இருக்கோ?

02.05.2025, இரவு

தங்கச்சி, இஞ்சயே வாங்குங்கோ. இந்த மாதமே வாங்குங்கோ.

நான் வவுனியாவில ஒரு சப்பாத்துக் கடையில கனகாலம் நிண்டவன். பிறகு பரிசில அக்கா வீட்டை போய் நிண்டு அந்த ஊர்க் கல்லிலயும் நடந்தவன். பெட்டி பிரிக்காத சப்பாத்தோட விமானம் ஏறின ஆக்களும், அங்க இறங்கின கையோட கடைக்குப் போய் வாங்கின ஆக்களும், முதல் கிழமையைக் குதிக்கால் கொப்புளத்தோட வீட்டுக்குள்ள கழிச்சதைக் கண்டிருக்கிறன். அங்க மலிவு எண்டது உண்மை. ஆனா சப்பாத்துப் போட்டறியாத காலுக்கு அதைப் பழக்க ரெண்டு மாதம் வேணும். அந்த ரெண்டு மாதம் உங்களிட்ட இப்ப கையில இருக்கு.

03.05.2025

அளவு எடுக்கிற விசயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். கடைக்கு வாற பத்துப் பேரில ஒன்பது பேர் இதைச் செய்யிறேல்லை.

பின்னேரம் எடுங்கோ. விடிய இருந்த கால் பின்னேரம் இருக்காது, நாள் முழுக்க நிண்ட பிறகு வீங்கியிருக்கும். ஒரு பழைய பேப்பரைச் சீமெந்து நிலத்தில விரிச்சு, குதிக்கால் சுவரில முட்ட அம்மாவை நிக்க விடுங்கோ. இருந்துகொண்டு எடுத்தால் அளவு பிழைக்கும், பாரம் முழுக்கக் காலில இறங்க வேணும். பென்சிலை நட்டுக்கு நேரா நிமித்திப் பிடிச்சுக் காலைச் சுத்தி வரைஞ்சு, சுவரில இருந்து நீளமான விரல் நுனி வரைக்கும் சென்ரிமீற்றரில அளவுங்கோ. சில பேருக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம், அதையும் கவனியுங்கோ.

இனிக் கணக்கு. கால் 24 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ. விரலுக்கு முன்னால ஒண்டு, ஒண்டரை சென்ரிமீற்றர் இடம் வேணும். அப்ப உள் நீளம் 25.5. ஐரோப்பிய இலக்கம் எண்டது அந்த உள் நீளத்தை ஒண்டரையால பெருக்கி வாறது: 38. எங்கட கடையள்ள கூட ஓடுறது பிரித்தானிய இலக்கம். அதில ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில அங்குலத்தில மூண்டில ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீற்றர் அளவு. அந்தக் கணக்கில இதே கால் 5ஆம் இலக்கம். அண்ணா போனில "அம்மாவுக்கு என்ன சைஸ்?" எண்டு கேட்டு நீங்கள் 5 எண்டால் அவருக்கு விளங்காது, 38 எண்டால் விளங்கும். ஆனா இலக்கம் ஒரு தொடக்கம்தான். ஒரே 38 ரெண்டு கொம்பனியில ரெண்டு மாதிரி இருக்கும்.

நீளத்தை விட அகலத்தைத்தான் நான் கூடப் பார்ப்பன். சப்பாத்துக்குள்ள கிடக்கிற அடித்தட்டை வெளியால இழுத்தெடுங்கோ. நல்ல நடை சப்பாத்தில அது கழரும். நிலத்தில வைச்சு அதுக்கு மேல அம்மாவை ஏறி நிக்கச் சொல்லுங்கோ. சின்னவிரல் பக்கமோ பெருவிரல் மொளிப் பக்கமோ தட்டுக்கு வெளியால சதை பிதுங்கினால், அந்தச் சப்பாத்து எவ்வளவு வடிவா இருந்தாலும் திருப்பிக் குடுங்கோ. கடைக்காரன் "போடப்போட இளகும்" எண்டு சொல்லுவான். தோல் கொஞ்சம் இளகும். சோல் இளகாது.

03.05.2025, கொஞ்சம் பிந்தி

ரெண்டு காலையும் அளவுங்கோ. வலது இடது ஒரே அளவா உள்ள ஆக்கள் குறைவு. பெரிய காலுக்குத்தான் வாங்க வேணும்.

05.05.2025

முழங்காவில் அண்ணை ஒராள் எழுதியிருக்கிறார்: "என்ர அம்மப்பா வெறுங்காலோட சந்நிதியில இருந்து கதிர்காமம் நடந்தவர். உங்களுக்குப் பரிசில நடக்கச் சப்பாத்து ஆராய்ச்சியோ?"

அண்ணை, உங்கட அம்மப்பாவின்ர காலை நான் கும்பிடுறன். வற்றாப்பளையில வந்து தங்கிப் போற அந்தப் பாதயாத்திரை ஆக்களை நானும் பார்த்திருக்கிறன், கூட நடந்தும் இருக்கிறன். ஆனா அவை நடக்கிறது மணல், புல்லு, கடற்கரை, காட்டுப் பாதை. வெயில் ஏற முதல் நடந்து, மத்தியானம் கோயில் மடத்திலயோ மர நிழலிலயோ படுத்து எழும்பி நடப்பினம். அந்தக் கால் சின்னனில இருந்தே வெறுங்காலாப் பழகின கால். அம்மா போற இடத்தில காலடியில இருக்கிறது கருங்கல்லும் தாரும் இரும்புப் படியும். அதோட சீனி வருத்தக்காரர் வெறுங்காலோட நடக்கவே கூடாது. அதுக்குப் பிறகு வாறன்.

ஒரு விசயத்தில நீங்கள் சொல்லுறது எனக்கு உதவி. வரம்பிலயும் முத்தத்திலயும் வெறுங்காலோட வளர்ந்த காலுக்கு முன்பக்கம் விரிஞ்சிருக்கும். 2009இல வெளிவந்த ஒரு ஆய்வில, இந்தியாவில வெறுங்காலோடயே வாழுற ஆக்களின்ர காலையும் சப்பாத்துப் போட்டு வளர்ந்த ஆக்களின்ர காலையும் அளந்து பார்த்தவை. வெறுங்கால்காரருக்குக் கால் அகலம், பாரமும் பாதம் முழுக்கச் சமனாப் பரவியிருந்தது. கடைக்குள்ள நிண்ட எனக்கு அது புதினமில்லை. தருமபுரம், விசுவமடுப் பக்கம் இருந்து வாற கமக்கார ஐயாமாருக்குப் பொருந்துற அகலத்தில சப்பாத்துத் தேடி நான் தட்டு முழுக்கக் கிளறியிருக்கிறன். நல்ல கால் எண்டதாலதான் அதுக்கு அகலமான சப்பாத்து வேணும் எண்டு நிக்கிறன்.

08.05.2025

உருத்திரபுரம் தங்கச்சி எழுதினதுக்கு: "அடித்தட்டில சின்னவிரல் வெளியால வருது. கடைத் தம்பி ஒரு இலக்கம் கூட்டித் தந்தவர், இப்ப பொருந்துது."

பொருந்தேல்லை, தங்கச்சி. நீளத்தைக் கூட்டினால் அகலமும் கொஞ்சம் கூடும், அதாலதான் முன்பக்கம் சுகமாத் தெரியுது. ஆனா குதி பின்னால வழுக்கும். படி இறங்கேக்க கால் முன்னுக்கு ஓடி நகம் போய் இடிக்கும். பெருவிரல் நகம் கறுத்துப்போய் வாறது இப்பிடித்தான்.

வேற வழி ஒண்டு இருக்கு. பொம்பிளைச் சப்பாத்தை விட ஆம்பிளைச் சப்பாத்து அதே நீளத்துக்கு அகலமா வெட்டினது. அமெரிக்க முறையில பொம்பிளையளுக்குச் சாதாரண அகலம் பீ, ஆம்பிளையளுக்கு டீ. அம்மாவின்ர கால் நான் கணக்குக் காட்டின 24 எண்டால், ஆம்பிளைச் சப்பாத்தில பிரித்தானிய 5ஆம் இலக்கம் தேடுங்கோ, பெரிய பெடியங்களின்ர பகுதியிலயும் இருக்கும். கறுப்போ சாம்பலோ எடுத்தால் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. நியூ பலன்ஸ் மாதிரிக் கொம்பனியள் 2ஈ, 4ஈ எண்டு அகலம் போட்டே செய்யுறவை. அது கொழும்பில கிடைச்சால் நல்லம், கிடைக்காட்டி ஆம்பிளை 5.

10.05.2025

"கனடாவில இருந்து மாமா அனுப்பின விலை கூடின சப்பாத்து, ஒருக்காலும் போடாமல் அலுமாரியில பெட்டியோட இருக்கு. அம்மாவுக்கு அதைக் குடுக்கலாமோ?" எண்டு புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. அக்கா, எத்தினை வருசமா இருக்கு எண்டு நீங்கள் எழுதேல்லை. எனக்கு அதுதான் தெரிய வேணும்.

கடைக்கு ஒரு ஐயா வந்தவர். மகன் அனுப்பின மலையேறுற சப்பாத்து, மேல் தோல் பளபளவெண்டு புதுசு. மகளின்ர கலியாணத்துக்கு இந்தியா போகேக்க போடுவம் எண்டு பத்திரப்படுத்தி வைச்சிருந்திருக்கிறார். வெளிக்கிட்ட அண்டு ஓமந்தை தாண்ட முதல் ஒரு பக்கச் சோல் கழண்டிட்டுது. என்ர மேசையில வைச்சு நான் பெருவிரலால அமத்தினன். சோல் பிட்டு உதிருற மாதிரி உதிர்ந்து, மஞ்சள் தூளாக் கண்ணாடியில கொட்டினது. ஐயா அந்தத் தூளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ஒட்டுறதுக்கு அதில ஒண்டும் மிஞ்சேல்லை.

காரணம் இதுதான். கனக்க நல்ல சப்பாத்துகளின்ர நடுச்சோல், அதாவது அடிச்சோலுக்கு மேல இருக்கிற மெத்தைப் பகுதி, பொலியூரித்தேன் எண்ட நுரை. காத்தில இருக்கிற ஈரப்பதன் மெல்லமெல்ல அதின்ர இரசாயனப் பிணைப்பை அறுக்கும். எங்கட வெக்கைக்கும் மாரிகால ஈரத்துக்கும் அது இன்னும் கெதியா நடக்கும். போடாமல் மூடி வைச்சால் தப்பும் எண்டில்லை, அதுக்குள்ளயும் நடக்கும். இன்னொரு வகை நடுச்சோல் ஈவீஏ, பாரமில்லாத நுரை. அது இப்பிடி உதிராது, ஆனா காலம் போகப்போக அமுங்கித் தட்டையாகும்.

அக்கா, சோலின்ர பக்கவாட்டில நகத்தால அமத்திப் பாருங்கோ. பிசுபிசுப்பு, வெடிப்பு, அமத்தின இடம் திரும்பி வராமல் நிக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் வேண்டாம். நல்லா இருந்தாலும் வீட்டில ஒரு கிழமை போட்டு நடந்து பார்த்திட்டுத்தான் பயணத்துக்கு எடுக்க வேணும்.

11.05.2025

இது சீனி வருத்தம் உள்ள எல்லாருக்கும். தங்கச்சி, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

கனகாலம் சீனி இருந்தால் காலில உணர்ச்சி குறையலாம். அது ஒரேயடியாக் குறையாது, ஆளுக்கே தெரியாமல் போகும். சப்பாத்துக்குள்ள ஒரு கிறவல் கல்லுக் கிடந்தாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைஞ்சிருந்தால் அந்தச் சின்னப் புண் ஆறாது. கால் விரல் எடுக்க வேண்டி வந்த கன கதை இப்பிடி ஒரு சின்னக் கொப்புளத்தில தொடங்கினதுதான்.

அதால போக முதல் கிளினிக்கில காலைக் காட்டுங்கோ. மெல்லிய நைலோன் இழையால உள்ளங்காலில தொட்டுத்தொட்டு உணர்ச்சி இருக்கோ எண்டு பார்ப்பினம். நோகாது, ரெண்டு நிமிசம் கூடச் செல்லாது. கால் ஆணி, பித்த வெடிப்பு இருந்தால் அதையும் அங்கயே காட்டுங்கோ. வீட்டில பிளேட்டால சுரண்ட விடாதேங்கோ.

சப்பாத்தில விரல் பகுதி உயரமா, வட்டமா இருக்க வேணும். உள்ளுக்குக் கையை விட்டு முழுக்கத் தடவுங்கோ. விரலில தட்டுப்படுற தையல் விளிம்பு அம்மாவின்ர தோலிலயும் தட்டுப்படும். ஒவ்வொரு முறையும் போட முதல் கவிட்டுத் தட்டிப்போட்டுக் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. இரவில காலை விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கோ. அம்மாவுக்குக் குனிய ஏலாட்டி நீங்கள் பாருங்கோ.

பாட்டா எண்டு சொன்ன மாமிக்கு: பெருவிரல் இடுக்கில வார் உரசிற ஒரு செருப்பும் இவவுக்கு வேண்டாம்.

15.05.2025

தங்கச்சி எழுதினது: "ஆம்பிளை 5 பொருந்தீட்டுது, தட்டுக்குள்ள கால் முழுக்க நிக்குது. ஆனா அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா. சேலையோட சப்பாத்தோ, ஊர் சிரிக்கும் எண்டு சொல்லுறா."

இதுக்கு நான் அம்மாவோட நேரில கதைக்க விரும்புறன். அம்மா, பரிசில லா சப்பல் எண்டு ஒரு இடம் இருக்கு. எங்கட கடையள் நிரை நிரையா இருக்கிற தெரு. அங்க உங்கட வயதில உள்ள எங்கட அம்மாமார் சேலைக்கோ சட்டைக்கோ கீழ சப்பாத்துப் போட்டுத்தான் மரக்கறிப் பையோட படி ஏறி இறங்கினம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறேல்லை. ஊரில ஆரும் சிரிச்சால், அவை வந்து உங்கட காலுக்கு மருந்து கட்டப் போறதில்லை.

இனிச் சேலைக்கான விசயம். சப்பாத்துச் சோல் செருப்பை விடத் தடிப்பு. அதால சேலை ஒரு அங்குலம் உயர்ந்து நிக்கும், உள்பாவாடையைப் பார்த்துக் கட்ட வேணும். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கொய்யகம் வைச்சால் சரியா வரும். ஒட்டுற பட்டி, அதுதான் வெல்குறோ, குனிய ஏலாத ஆக்களுக்கு நல்லம் எண்டு கடையில நான் எப்பவும் எடுத்துக் குடுப்பன். ஆனா சேலை கட்டுற ஆளுக்கு அதில ஒரு கரைச்சல் இருக்கு. பட்டி கொஞ்சம் விலகினாலும் அந்தக் கொக்கி முனை சேலைக் கரையில கொழுவி நூலை இழுக்கும். பட்டுச் சேலை எண்டால் சொல்லத் தேவையில்லை. படியில கொழுவினால் ஆளே விழும். அதால இழுபடுற ரப்பர் நாடா வாங்கிப் போடுங்கோ. ஒருக்காக் கட்டிவிட்டால் பிறகு அவிழ்க்கத் தேவையில்லை, கால் உள்ளுக்கு வழுக்கிப் போகும். கோயில், சொந்தக்காரர் வீடு எண்டு கழட்டிக் கழட்டிப் போடவும் சுகம்.

18.05.2025

சப்பாத்துக்குள்ள போடுற மேஸ், அதுதான் காலுறை, அதைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருக்கினம். பருத்தி மேஸ் வேர்வையைக் குடிச்சு வைச்சிருக்கும். நனைஞ்ச தோல் உரசினால்தான் கொப்புளம். நடைக்குச் செயற்கை நூல் கலந்த மேஸ் நல்லம், மெரினோக் கம்பளி கிடைச்சால் இன்னும் நல்லம். கம்பளி எண்ட உடனை தடிப்பு எண்டு நினைக்காதேங்கோ, மெல்லிசாவும் வருது. சீனி உள்ளவைக்கு மேல் இழை இறுக்காத மேஸ், வெள்ளை அல்லது வெளிறின நிறம். காலில ரத்தமோ நீரோ கசிஞ்சால் உடனை தெரியும்.

சப்பாத்து வாங்கப் போகேக்க அந்த மேஸையே போட்டுக்கொண்டு போங்கோ. கடையில தாற நைலோன் உறையைப் போட்டுப் பார்த்து வாங்கின சப்பாத்து வீட்டை வந்தால் இறுக்கும்.

24.05.2025

தங்கச்சியின்ர சேதி: அம்மா வீட்டுக்குள்ள அரை மணித்தியாலம் போட்டு நடந்தவ. பிறகு கனகபுரம் றோட்டால சந்தைக்கும் போய் வந்தவ. இடது சின்னவிரல் மேல்பக்கம் சிவந்திருக்கு, நோகேல்லை எண்டு சொல்லுறா.

நோகேல்லை எண்டதை நம்பாதேங்கோ, ஏன் எண்டு மேல எழுதியிருக்கிறன். சப்பாத்தைக் கழட்டி இருபது நிமிசம், அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் சிவப்பு மாறாட்டி அந்த இடம் அவவுக்குப் பொருந்தேல்லை. முதல்ல உள்ளுக்குத் தடவிப் பாருங்கோ. பிறகு நாடாவைப் பாருங்கோ. விரல் பக்கம் இருக்கிற முதல் சோடி ஓட்டையில நாடாவை ஓட்டாமல் ரெண்டாவதில இருந்து தொடங்கினால் முன்பக்கம் விரியும். ரெண்டு நாள் பார்த்துச் சிவப்பு நிண்டால் கடையில மாத்துங்கோ. நேரத்தோட வாங்குங்கோ எண்டு நான் கத்தினது இதுக்குத்தான். இதே சிவப்பைப் பரிசில ரெண்டாம் நாள் கண்டிருந்தால் என்ன செய்வியள்?

26.05.2025

முள்ளியவளையில இருந்து ஒரு தம்பி. முழங்காலுக்குக் கீழ செயற்கைக் கால். லண்டனுக்குத் தமையன் வீட்டை போறார். "எல்லாரும் அம்மாவுக்கு எழுதுறியள், எனக்கு என்ன மாதிரிச் சப்பாத்து?" எண்டு கேட்டிருக்கிறார்.

தம்பி, கேட்டது நல்லது. வன்னியில உங்களை மாதிரி எத்தினையோ பேர், உங்கட கேள்வியை ஒருத்தரும் எழுதி நான் வாசிக்கேல்லை.

முக்கியமானது சோலின்ர குதி உயரம். செயற்கைக் காலைப் பொருத்திச் சரிபார்க்கேக்க ஒரு குதி உயரத்துக்குத்தான் நேராக்குவினம். அதை விட உயரமான குதியுள்ள சப்பாத்துப் போட்டால் உங்களை முன்னுக்குத் தள்ளும், முழங்கால் மடியப் பார்க்கும். தட்டையானதைப் போட்டால் பின்னுக்கு இழுக்கும். அதால இப்ப போடுற சப்பாத்தின்ர குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையில உள்ள உயர வித்தியாசத்தை அளந்து, அதே வித்தியாசத்தில புதுசை வாங்குங்கோ. வாங்கினதைக் கால் செய்து தந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லம். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில உங்கட நடையைப் பார்த்தே சொல்லுவினம். ஜெய்ப்பூர்க் காலின்ர பாதம் 1968இல உருவானது. வெறுங்காலோட வயலுக்குள்ள இறங்கவும் சம்மணம் கட்டி இருக்கவும் எண்டே ரப்பரில செய்தது. ஊரில சப்பாத்தில்லாமல் சமாளிச்சிருப்பியள். லண்டன் நனைஞ்ச நடைபாதையில ரப்பர்ப் பாதம் தேய விடாதேங்கோ.

அந்தப் பாதம் எங்கட கால் மாதிரி மடிஞ்சு உள்ளுக்குப் போகாது. நாடா கீழ வரைக்கும் அவிழ்ந்து வாய் நல்லாத் திறக்கிற சப்பாத்து எடுங்கோ. சப்பாத்துக் கரண்டி ஒண்டு கையில வைச்சிருங்கோ. மற்றக் கால்தான் கூடப் பாரம் தாங்கிறது, அதின்ர குதிக்கும் உள்ளங்காலுக்கும் நல்ல தாங்கல் பார்த்து வாங்குங்கோ.

26.05.2025, இரவு

அதோட சேர்த்து: காலிலயோ உடம்பிலயோ செல் துண்டு, அதாவது குண்டுச் சிதறல், இருக்கிற ஆக்கள், விமான நிலையத்தில கருவி சத்தம் போட்டால் பதறாதேங்கோ. டொக்டரிட்ட ஒரு கடிதம், ஏலுமெண்டால் எக்ஸ்ரேப் படமும், கைப்பையில வையுங்கோ. சோதினைக்குப் போக முதலே சொல்லிப்போடுங்கோ. செயற்கைக் காலுக்கும் இதேதான்.

01.06.2025

உருத்திரபுரத்தில மாத்தின சப்பாத்து வந்து சேர்ந்திட்டுதாம், சிவப்பு இல்லையாம். எனக்குப் பெரிய நிம்மதி. இப்ப இரணைமடுக் குளக்கட்டில விடிய நடக்கினமாம். நல்ல இடம், வெயில் ஏற முதல் திரும்புங்கோ. ஆனா கட்டு மட்டும் காணாது. அங்க அம்மாவை ஆக்கினைப்படுத்தப் போறது படி. கோயில் படியோ மாடி வீட்டுப் படியோ பார்த்து ஏறி இறங்கிப் பழகட்டும். இறங்கேக்க விரல் முன்னால முட்டுதோ எண்டு கேளுங்கோ. முட்டினால் மேல் ஓட்டையில நாடாவை ஒரு வளையமாக்கி, மற்றப் பக்க நாடாவை அதுக்குள்ளால விட்டு இழுத்துக் கட்டினால் குதி இறுகி நிக்கும். ரப்பர் நாடாவிலயும் இது ஏலும், கொஞ்சம் மினைக்கெட வேணும்.

08.06.2025

இடங்களைப் பற்றிக் கேட்டவைக்கு.

பரிஸ் மெட்ரோவில லிப்ற் இருக்கிற ஸ்ரேசன் குறைவு. 14ஆம் இலக்கப் பாதை மட்டும்தான் முழுக்க லிப்ற் உள்ளது. அதால முழங்கால் நோ உள்ள ஆக்களைப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போங்கோ, ஊரும் பார்க்கலாம். மொன்மார்த்தர் மேட்டில இருக்கிற கோயிலுக்குப் படியால ஏற வேண்டாம், பக்கத்தில இழுவை வண்டி ஓடுது, மெட்ரோ ரிக்கெற்றே அதுக்குக் காணும்.

லூர்தில நடையை விட நிக்கிறதுதான் கூட. ஊரில மடு மாதா கோயில் எண்டால் ஆவணித் திருவிழாவுக்குப் போய் மர நிழலில பாயை விரிச்சு இருந்திடுவம். அங்க இரவு 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி, தார்த் தரையில நிண்டு நிண்டு போறது. நிக்கிறதுக்கு மெத்தெண்ட சோல் சுகம் எண்டு தோணும், ஆனா அளவுக்கு மிஞ்சின மெத்தையில கால் கெதியாக் களைக்கும். சப்பாத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு வளைச்சால் விரல் மடியிற இடத்தில மட்டும் வளைய வேணும். நடுவில மடிஞ்சால் அந்தச் சோலில பலமில்லை.

இந்தச் சோதினை றோமில விளங்கும். அந்த ஊர்த் தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்பு எரிமலைக் கல்லுப் பதிச்சது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் சரிஞ்சு நிக்கும். மெல்லிய சோல் எண்டால் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கால் எண்ணும். பேதுரு பேராலயக் கோபுரத்துக்கு மொத்தம் 551 படி. லிப்ற்றில போனாலும் மிச்சம் 320 படி நடக்கத்தான் வேணும். அம்மா கீழ இருந்து செபமாலை சொல்லட்டும், நீங்கள் ஏறிப் பார்த்திட்டு வாங்கோ.

பரிஸ் பிள்ளையார் தேர் ஆவணிக் கடைசியில. றோட்டு முழுக்கத் தேங்காய் உடைப்பினம், சிரட்டைச் சில்லு எல்லா இடமும் சிதறும். நேர்த்தி இருந்தாலும் அம்மாவைத் தேருக்குப் பின்னால வெறுங்காலோட விடாதேங்கோ. கோயிலுக்குள்ள மேஸோட நிக்கலாம். பிள்ளையார் கோவிக்கமாட்டார்.

09.06.2025

"தண்ணி போகாத சப்பாத்து வாங்கட்டோ?" கோர்-ரெக்ஸ் மாதிரிச் சவ்வு வைச்ச சப்பாத்துகளைத்தான் கேக்கிறியள். அந்தச் சவ்வு வெளித் தண்ணியை மறிக்கும், வேர்வை ஆவியை விடும். ஆனா மழை மேல் வாயால உள்ளுக்குப் போனால் காய நாள் எடுக்கும், வெயிலுக்குக் கால் அவியும். ஜூலை, ஆவணிக்கு வலைத்துணிச் சப்பாத்தும் மாத்த ஒரு சோடி மேஸும் காணும். கார்த்திகைக்குப் பிறகு கனடா போற ஆக்களின்ர கதை வேற. அவைக்குப் பனிச் சப்பாத்து வேணும், அதை அங்கதான் வாங்க வேணும்.

ரெண்டாவது சோடியைப் பற்றியும் சொல்லுறன், ஏனெண்டால் அண்ணா சொன்னதும் இந்த இடத்தில சரி. பிரான்சில ஜூன் கடைசியில கோடை மலிவு விற்பனை தொடங்கி நாலு கிழமை இருக்கும். ஊரில பழகின சோடியில நடந்துகொண்டு, ஆறுதலா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டாவதை அங்க எடுங்கோ. நாள் மாறி நாள் போட்டால் ரெண்டும் காயும்.

19.06.2025

பயணத்தண்டு. கிளிநொச்சியில இருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க வாகனத்தில காலைத் தொங்கப் போட்டு வந்து, பிறகு விமானத்திலயும் அதே. கால் வீங்காமல் என்ன செய்யும்? பழகின சப்பாத்தையே போட்டுக்கொண்டு போங்கோ, பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ. பெட்டி துலைஞ்சால் சப்பாத்தும் துலைஞ்சிடும். போட்டுக்கொண்டு போனால் பெட்டியில பாரமும் மிச்சம். அந்த மிச்சப் பாரத்துக்கு ஒடியல் மா வைக்கலாம். விமானத்தில நாடாவை இளக்கி, கணுக்காலை ஆட்டி ஆட்டி, இடைக்கிடை எழும்பி நடக்கச் சொல்லுங்கோ. ஒரு கால் மட்டும் வீங்கி நோகினால் அது சாதாரண வீக்கம் இல்லை, உடனை டொக்டரிட்ட காட்ட வேணும்.

27.06.2025

மாங்குளத்தில இருந்து ஒரு அண்ணை: "நாங்கள் மெல்பேண் போறம். மகள் சொல்லுறா சப்பாத்தில மண் இருந்தால் பிடிப்பினம் எண்டு. உண்மையோ?"

உண்மை, அண்ணை. அவுஸ்திரேலியாவில மண்ணோட வாற சாமானைத் தெரிவிக்க வேணும், சப்பாத்தும் அதுக்குள்ளதான். மண்ணோட கிருமியும் விதையும் வந்திடும் எண்டு அவை வலு கவனம். தெரிவிச்சால் பார்த்துக் கழுவிப்போட்டு விடுவினம், ஒளிச்சால் தண்டம் அடிப்பினம். எங்கட செம்மண் சோல் வெட்டுக்குள்ள போய் இறுகினால் தண்ணி ஊத்த மட்டும் போகாது. ஒரு இரவு ஈரச் சீலை சுத்தி வைச்சு ஊற விட்டு, பழைய பல்லுத் தூரிகையும் ஈர்க்கும் எடுத்து வெட்டு வெட்டாக் கிளறி எடுங்கோ. நாடாவையும் கழட்டித் தோயுங்கோ. நிழலில காய வையுங்கோ, வெயிலில வைச்சால் பசை விடும். காய்ஞ்ச பிறகு போற நாள் மட்டும் முத்தத்தில இறங்காதேங்கோ.

உருத்திரபுரத்தில வெளிக்கிடுறது வியாழக்கிழமையாம். தங்கச்சி, போய் இறங்கி முதல் நாள் இரவு அம்மாவின்ர காலைப் பார்த்திட்டு ஒரு வரி எழுதிவிடுங்கோ.